‘பேக் டு தி ஃபியூச்சர்’ மூன்றையும் வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

1985, 1989, 1990-ல் வந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படங்களைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஆச்சியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லாரையும் பட்டாசலில் உட்காரவைத்துப் பாருங்கள். டைம் மெஷின், பறக்கும் கார் எல்லாம் உண்டுதான், ஆனாலும் இந்தக் கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நம்ம அப்பாவும் அம்மாவும் நம்ம வயதில் எப்படி இருந்திருப்பார்கள், அதுதான் கேள்வி. அதைக் கேட்கிற ஆளும் பதில் சொல்கிற ஆளும் ஒரே அறையில் இருந்தால் படம் இரண்டு மடங்காகிவிடும். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஆனித் தேரோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கும் நாட்களில் இதைப் போடுவது வழக்கம், அதனால் கூட்டம் எங்கே நெளியும், எங்கே நிமிர்ந்து உட்காரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் நேரக் கணக்கு. மூன்றும் சேர்த்து ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் போடவே போடாதீர்கள், கண் அசந்துவிடும். அதற்காக வாரம் ஒன்று என்று இழுக்கவும் கூடாது, ஏனென்றால் இரண்டாவது படம் முதல் படத்துக்குள்ளேயே திரும்பப் புகுந்து வருகிறது, முதல் படம் மறந்திருந்தால் பாதி சுவை போச்சு. அடுத்தடுத்த மூன்று சாயங்காலம் சரியாக இருக்கும்.

பெரியவர்களுக்கு விஞ்ஞானம் எதையும் விளக்க வேண்டாம். ‘இன்று நேற்று நாளை’யும் ‘24’-ம் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. பெரியவர்களிடம் திருநெல்வேலி ஜங்ஷனைப் பற்றிப் பேச்சை எடுங்கள். ஈரடுக்குப் பாலம் வருவதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது, எந்தக் கடை எங்கே இருந்தது, பஸ் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பத்து நிமிடம் பேசுவார்கள். அப்புறம் சொல்லுங்கள்: “இந்தப் படத்திலும் அப்படித்தான் ஆச்சி, ஹில் வேலி என்று ஒரு ஊர், அதே கடைத்தெருவை 1885, 1955, 1985, 2015 என்று மாற்றி மாற்றிக் காட்டுவான்.” இவ்வளவு போதும், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

இனி முதல் படம். காபி, பலகாரம் எல்லாம் படம் தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும், முதல் அரை மணி நேரம் யாரும் எழக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். தொடக்கத்தில் சண்டை இல்லை, டைம் மெஷினாக மாற்றப்பட்ட டெலோரியன் கார் வரும் வரைக்கும் ஆலன் சில்வெஸ்ட்ரியின் பின்னணி இசைகூட இல்லை, அதனால் ‘இன்னும் படம் ஆரம்பிக்கவில்லை’ என்று நினைத்து ஆள் ஆளுக்கு அடுப்படிக்குப் போவார்கள். ஆனால் பின்னால் விளையப் போகிற அத்தனைக்கும் அங்கேதான் விதைக்கிறான்.

ஒன்றைச் சொல்கிறேன். மணிக்கூண்டைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு அம்மா உண்டியலோடு வந்து கதாநாயகப் பையன் மார்ட்டியிடம் ஒரு நோட்டீசை நீட்டுவார். 1955-ல் மின்னல் விழுந்து நின்றுபோன கடிகாரம் அது. அந்த மாதிரி நோட்டீசை யாராக இருந்தாலும் அடுத்த திருப்பத்தில் கசக்கிப் போட்டுவிடுவோம். அவன் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறான்? அவனுடைய காதலி ஜெனிஃபர் அதன் பின்பக்கத்தில்தான் தன் பாட்டி வீட்டுப் போன் நம்பரையும் ‘ஐ லவ் யூ’ என்றும் எழுதிக் கொடுக்கிறாள். மின்னல் விழுந்த நேரம், இரவு 10.04, அந்தத் தாளில் இருக்கிறது. டைம் மெஷினில் போய் 1955-ல் மாட்டிக்கொண்டவன் அந்த மின்னலின் சக்தியில்தான் காரைக் கிளப்பி வீடு திரும்ப முடியும், அதற்கு அந்த ஒரு தாள்தான் வழி. ஒரு காதலி எழுதிய நம்பரால் ஒரு ஆள் முப்பது வருடம் தாண்டி வருகிறான், இதை எழுதிய ராபர்ட் ஜெமெக்கிஸையும் பாப் கேலையும் எத்தனை தடவை பாராட்டினாலும் எனக்குத் தீராது. அதேபோல அம்மா சாப்பாட்டு மேஜையில் தன் கல்யாணக் கதையைச் சொல்லும் காட்சி. ‘எங்க அப்பா கார்லதான் உங்க அப்பா அடிபட்டாரு’ என்கிற அந்தப் பேச்சில் ஒரு வரியைக்கூட விடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளிடம் வேட்டைக்கு விடுங்கள். பேரங்காடியின் பெயர்ப்பலகையைத் தொடக்கத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் விளிம்புக் கல்லைக் கடைசிக் காட்சியில் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், ‘கண்டுபிடிச்சிட்டேன்’ என்று அவர்கள் கத்துவதைக் கேட்கத்தானே இவ்வளவும்.

ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 1955-க்குப் போன மார்ட்டி, அப்பாவைக் காரிடமிருந்து தள்ளிவிட்டுத் தானே அடிபடுகிறான், அதனால் அவன் அம்மா, அப்போது பள்ளிக்கூடத்துப் பெண், அப்பாவுக்குப் பதில் இவன்மேல் ஆசைப்படுகிறாள். சொல்லாமல் விட்டால் “என்னலே இது, பெத்த புள்ளைகிட்டயா?” என்று அத்தை எழுந்து போய்விடுவாள். அவளுக்கு இவன் யாரென்று தெரியாது, இவனுக்குத் தெரியும், தப்பிக்கப் படாத பாடு படுகிறான், அப்பாவோடு சேர்த்துவைக்காவிட்டால் இவன் பிறக்கவே மாட்டான், இந்த நான்கையும் சொல்லிவிட்டால் அதே அத்தைதான் “சீக்கிரம் சேத்து வைலே!” என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போடுவாள். அப்புறம் நடன விழா நாளில் காருக்குள் பிஃப் என்கிற முரட்டுப் பையன் அந்தப் பெண்ணிடம் முறைகேடாக நடக்கிற காட்சி ஒன்று வரும். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படத்துக்கு ஒரு நோட்டுத்தாளும் பேனாவும் வேண்டும். தொடங்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்: ஜெனிஃபராக நடிப்பவர் மாறியிருக்கிறார், அப்பா ஜார்ஜாக நடிப்பவரும் வேறு ஆள். இல்லாவிட்டால் ‘இது யாரு புதுசா’ என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். 2015 அக்டோபர் 21-க்குப் பறந்து போகிறார்கள், அந்தப் பகுதி பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். திரும்பி வந்தால் ஊரே சீரழிந்து கிடக்கும். டைம் மெஷினைச் செய்த விஞ்ஞானி டாக் பிரவுன் ஒரு கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவார் பாருங்கள், அங்கே நிறுத்திவிட்டு நீங்களும் தாளில் அதே கோட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு தடவை புரிந்துவிட்டால் அதன்பின் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கடைசிப் பகுதியில் கதை மறுபடியும் 1955-ன் அதே நடன விழாவுக்கே போகிறது. மேடையில் ஒரு மார்ட்டி கிதார் வாசிக்க, மேலே பலகையில் இன்னொரு மார்ட்டி பதுங்கிப் போகிறான். முந்தின நாள் பார்த்த காட்சியையே வேறு மூலையிலிருந்து பார்க்கும்போது வருகிற அந்தக் குறுகுறுப்புக்காகத்தான் மறுநாளே போடச் சொன்னேன்.

முடிவில் கொட்டும் மழையில் ஒரு ஆள் வந்து மார்ட்டியிடம் கடிதம் கொடுப்பான். எழுபது வருடமாக அந்த ஆளுடைய தந்தி ஆபீசில் காத்துக்கிடந்த கடிதம். அந்த இடத்தில் யாரும் பேசக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்க வேண்டாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மூன்றாவதைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு அது பிடிக்காது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே எடுத்தார்கள், சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். 1885, குதிரை, துப்பாக்கி, அத்தோடு இத்தனை நாள் விஞ்ஞானம் விஞ்ஞானம் என்று அலைந்த டாக் பிரவுனுக்கு ஒரு டீச்சர்மேல் காதல் வருகிறது. நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு மூன்றிலும் இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒரு பள்ளத்தாக்கின் பெயர் பேச்சில் வரும், அதைக் காதில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கடைசியில் பலகையில் அதே பள்ளத்தாக்குக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசி ரயில் காட்சிக்கு சவுண்டை நன்றாகக் கூட்டிவிடுங்கள். காலம் தாண்ட வேண்டுமென்றால் டெலோரியனை ரயில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட வேண்டும், நம்ம கணக்கில் மணிக்கு 142 கிலோமீட்டர் பக்கம், தண்டவாளமோ பாதிப் பாலத்தோடு முடிந்துபோகிறது. அது என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தால் அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள், அடுத்த தடவை முதல் படத்திலிருந்தே வந்துவிடுவார்கள்.