முன் சக்கரத்தில் கறுப்புக் குழம்பு வழிகிறதா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் நக்கிளைப் பிரித்துக் கட்டும் முறை

முன் டயரின் உட்பக்கச் சுவரில் கறுப்பாக ஏதோ வழிந்து, மண்ணோடு சேர்ந்து அப்பிக் கிடக்கும். தொட்டுப் பார்த்தால் கெட்டியான கிரீஸும் இல்லை, தனி ஆயிலும் இல்லை. இரண்டும் கலந்த குழம்பு. லேண்ட் க்ரூஸர் 40, 60, 80, பழைய ஹைலக்ஸ், நிஸ்ஸான் பேட்ரோல், சுசுகி எஸ்ஜே என்று மூடிய பந்து நக்கிள் உள்ள எந்த வண்டியிலும் இது வரும். உள் ஆயில் சீல் போய்விட்டது என்பதற்கான அடையாளம் இது.

ஆக்சில் குழாயின் முனையில் ஒரு இரும்புப் பந்து. அதைக் கவ்விக்கொண்டு நக்கிள் வீடு திரும்புகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங்குகள் அதைத் தாங்குகின்றன. பந்துக்குள்ளே, திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும், ஆறு குண்டுகள் கொண்ட பிர்ஃபீல்ட் ஜாயின்ட் மாலிப்டினம் கிரீஸில் மூழ்கிக் கிடக்கும். டிஃபரன்ஷியல் ஆயில் அந்தப் பக்கம் வராமல் தடுப்பது குழாய்க்குள் இருக்கும் சின்ன ஆயில் சீல். அது விட்டுக்கொடுத்ததும் கியர் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைக்கிறது. கரைந்த குழம்பு பந்தைத் துடைக்கும் வெளிச் சீல் வழியாக வெளியேறுகிறது. டிஃபரன்ஷியலில் ஆயில் குறைகிறது, ஜாயின்ட்டுக்கு கிரீஸ் இல்லாமல் போகிறது, நாளடைவில் குழம்பு வீல் பேரிங்குக்குள்ளும் பிரேக் டிஸ்க்குக்கும் போய்ச் சேர்கிறது.

பலரும் சீலை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். சில மாதத்தில் அதே குழம்பு திரும்ப வருகிறது. சீல் தானாகக் கெடுவது குறைவு. அதைக் கெடுப்பது வேறொன்று. அடைத்துப்போன பிரீதர் (ஆக்சிலின் காற்றுத் துளை), ஆட்டம் கண்ட நக்கிள் பேரிங், சீல் உதடு உராய்ந்து, ஆக்சில் குழாய்க்குள் சுழலும் ஷாஃப்டில் விழுந்த பள்ளம் ஆகிய மூன்றையும் பார்க்காமல் மூடினால் இரண்டு நாள் வேலையும் வீண்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். அப்போதும் ஆடினால் நக்கிள் பேரிங்கில். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் மாட்டும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுவதால், மிச்சமிருக்கும் ஆட்டம் நக்கிளுக்கும் பந்துக்கும் இடையிலிருந்துதான் வர முடியும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்று ஒலி வந்தால் பிர்ஃபீல்டிலும் தேய்மானம் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

இரு பக்கத்துக்கும் சேர்த்து உள் ஆயில் சீல் 2, நக்கிள் பேரிங் 4, உள் வீல் பேரிங் 2, வெளி வீல் பேரிங் 2, ஹப் சீல் 2, துடைப்புச் சீல் தொகுப்பு 2, ஸ்பிண்டில் (ஹப் சுழலும் அச்சு) கேஸ்கெட், ஹப் பூட்டு வாஷர், சர்க்ளிப் (பள்ளத்தில் மாட்டும் வளையக் கிளிப்). கிரீஸ் இரண்டு வகை: பிர்ஃபீல்டுக்கும் நக்கிளுக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது, வீல் பேரிங்குக்கு அதிக வெப்பம் தாங்கும் லித்தியம் கிரீஸ். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ கையில் இருந்தால் நடுவில் தட்டுப்பாடு வராது. டிஃபரன்ஷியலுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில்.

கருவிகளில் கட்டாயம் வேண்டியது டொயோட்டாவுக்கு 54 மி.மீ. ஹப் சாக்கெட். உளியும் சுத்தியலும் வைத்து ஹப் நட்டைத் திருகுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். நட்டின் முனைகள் சிதையும், இரும்புத் துகள் பேரிங்குக்குள் விழும், முறுக்கின் அளவும் தெரியாது. கூடவே பித்தளை ராடு, டார்க் ரெஞ்ச், சர்க்ளிப் இடுக்கி, எடை பார்க்கும் கொக்கித் தராசு. தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

பிரித்தல்

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கை நம்பி எதையும் கழற்றாதீர்கள். டிஃபரன்ஷியலில் முதலில் ஆயில் ஊற்றும் திருகாணியைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு வடிக்கும் திருகாணிக்குப் போங்கள். வடித்துவிட்ட பிறகு மேல் திருகாணி வராவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

பழைய வண்டிகளின் பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழியும்.

ஷாஃப்டை ஹப்போடு இணைக்கும் டிரைவ் ஃபிளான்ஜின் ஆறு நட்டுகளுக்கு அடியிலும், ஸ்டியரிங் ஆர்மின் ஸ்டட்டுகளிலும் பிளவுபட்ட கூம்பு வாஷர்கள் இறுகி உட்கார்ந்திருக்கும். நெம்பினால் வராது. நட்டை ஸ்டட்டின் நுனி வரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, ஃபிளான்ஜின் பக்கத்தில் பித்தளை ராடு வைத்து ஓங்கி ஒரு அடி கொடுங்கள். அதிர்வில் கூம்பு துள்ளி வெளியே வரும். ஸ்டட்டின் மரையை நேரடியாக அடிக்காதீர்கள்.

ஹப்பைக் கழற்றியதும் ஸ்பிண்டிலின் போல்ட்டுகளை எடுத்து, ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டினால் அது விடும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருக்கும் குழம்பு அப்போதுதான் கொட்டும். பிர்ஃபீல்டின் மணி போன்ற வெளிக்கூட்டின் பக்கத்தில் தட்டையான முகம் ஒன்று உண்டு. அது மேலே வரும்படி திருப்பி ஷாஃப்டை வெளியே இழுங்கள். இல்லையென்றால் நக்கிள் பேரிங் முட்டி நிற்கும்.

இனி கவனம் ஷிம்களில். நக்கிளின் மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். நக்கிளை ஆக்சிலின் நடுக்கோட்டில் நிறுத்துவதும், பேரிங்குக்கு இறுக்கம் கொடுப்பதும் அவைதான். இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என நான்கு பைகளில் எழுதிப் போடுங்கள். இவை கலந்துபோனால் ஷாஃப்ட் மையம் விலகி ஓடும். புதுச் சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேயும்.

துடைப்புச் சீலின் கம்பளி, ரப்பர், இரும்பு வளையம் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள்.

கழுவிப் பார்த்தல்

எல்லாவற்றையும் டீசலில் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் புதுப் பேரிங்குகளின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது.

பிர்ஃபீல்டின் கூண்டைப் பித்தளை ராடால் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். மணியில் விரிசல், குண்டில் பொத்தல், கூண்டில் வெடிப்பு எது இருந்தாலும் ஜாயின்ட்டை மாற்றுங்கள். ஓடுபாதையில் ஒரு பக்கம் லேசான தேய்மானம் மட்டும் இருந்தால் ஒரு வழி உண்டு. வண்டி பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுவதால் பாதையின் ஒரே பக்கம்தான் சுமை தாங்குகிறது. இடது ஜாயின்ட்டை வலதிலும் வலதை இடதிலும் போட்டால் தேயாத முகம் சுமைக்கு வருகிறது. டக் டக் ஒலி பல வண்டிகளில் அடங்கிவிடும். உள் ஷாஃப்ட் அந்தந்தப் பக்கத்துக்கே உரியது, நீளம் வேறு. மாற்ற வேண்டியது ஜாயின்ட்டை மட்டும்.

நக்கிள் பேரிங்கின் கப்புகளை (வெளி வளையங்களை) விரலால் தடவுங்கள். உருளைகள் பதிந்த கோடுகள் தெரிந்தால், ஸ்டியரிங் நேராக வரும் இடத்தில் வண்டி கவ்விக்கொண்டு நின்றிருக்கும். கப்பும் பேரிங்கும் ஜோடியாகவே மாற வேண்டும். புதுக் கப்பை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் தட்டி இறக்குவது எளிது. கப் அடியில் முட்டியதும் சுத்தியலின் ஒலி மந்தத்திலிருந்து கணீரென்று மாறும்; அதைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உள் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. லேசானது என்றால் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, ஆனால் அதன் இருக்கையை விட்டு வெளியேறாமல் நிறுத்துங்கள். உதடு தேயாத பரப்பில் உட்காரும். ஆழமாக இருந்தால் மெல்லிய உறை ஒன்றை ஏற்றுங்கள் அல்லது ஷாஃப்டை மாற்றுங்கள்.

இரும்புப் பந்தில் துருப்பொத்தல் இருந்தால் 400 எமரியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். கூரான ஓரம் ஒன்று போதும், துடைப்புச் சீல் கிழிய.

கட்டுதல்

இங்கே சொல்லும் முறுக்கு அளவுகள் லேண்ட் க்ரூஸர் 80க்கு உரியவை. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பாருங்கள்.

உள் ஆயில் சீலைச் சாய்வில்லாமல் தட்டி இறக்கி, உதட்டில் கிரீஸ் தடவுங்கள். துடைப்புச் சீலின் மூன்று பாகங்களையும் பந்தின் மேல் இப்போதே ஏற்றிவிடுங்கள். நக்கிளை மாட்டிய பிறகு நினைவு வந்தால் மீண்டும் எல்லாம் கழற்ற வேண்டும்.

பேரிங்குகளில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, மறுபுறம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். நக்கிளை ஏற்ற இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. ஷிம்களை அவற்றின் இடத்திலேயே போட்டு, ஸ்டட் மரையைக் கழுவிக் காயவைத்து, நட்டுகளை 96 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

இப்போது தராசு. ஷாஃப்டும் போடாமல், துடைப்புச் சீலும் இறுக்காமல், டை ராடு மாட்டும் துளையில் கொக்கியைப் போட்டு ஆர்முக்குச் செங்கோணத்தில் இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் 3 முதல் 5.5 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம்மைக் குறையுங்கள், அதிகமாக இருந்தால் கூட்டுங்கள். இந்த இறுக்கம் போதாமல் போனால் ஒரு குழியில் ஏறி இறங்கியதும் முன் சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் நடுங்கும். பெரிய டயர் போட்ட வண்டியில் அது இன்னும் கடுமையாக இருக்கும்.

ஷாஃப்டைச் செருகும்போது அதன் எடை சீல் மேல் விழக்கூடாது. ஒரு கையால் தாங்கி நேராகத் தள்ளுங்கள். ஷாஃப்ட் நுனிப் பற்களின் (ஸ்ப்ளைன்) கூர்மை உதட்டை உரசினால் புதுச் சீல் அன்றே போயிற்று. மெதுவாகச் சுழற்றினால் பல் சேர்ந்து கடைசித் துண்டு உள்ளே நழுவும். நக்கிளின் முக்கால் பங்கை மாலிப்டினம் கிரீஸால் நிரப்புங்கள். முழுக்கத் திணித்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளும்.

ஸ்பிண்டிலின் உள்ளே இருக்கும் பித்தளைப் புஷ்ஷில் கிரீஸ் தடவி, புதுக் கேஸ்கெட்டோடு 47 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

ஹப்பை ஏற்றி உள் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். ஹப்பை இரு பக்கமும் சில சுற்று சுழற்றுங்கள்; பேரிங் அதன் இடத்தில் அமரும். நட்டைக் கையால் திரும்பும் அளவுக்குத் தளர்த்தி, மறுபடி 5.4 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்குங்கள். வீல் ஸ்டட்டில் கொக்கியைப் போட்டு இழுத்தால் 2.9 முதல் 5.7 கிலோவில் ஹப் அசைய வேண்டும். பூட்டு வாஷர் வைத்து வெளி நட்டை 64 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியதும் இறுக்கம் மாறியிருக்கும், திரும்ப அளந்து சரிசெய்யுங்கள். பிறகு வாஷரின் ஒரு காதை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் மடியுங்கள்.

ஷாஃப்டின் நுனியில் 8 மி.மீ. போல்ட்டைத் திருகி வெளியே இழுத்தால்தான் சர்க்ளிப்புக்கான பள்ளம் முழுதாகத் தெரியும். ஃபிளான்ஜ் நட்டுகள் 35, காலிப்பர் போல்ட் 123, டை ராடு நட் 91 நியூட்டன் மீட்டர்.

பிரீதர்

ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடாகி உள்ளே காற்று விரிகிறது. பிரீதர் சேறடைத்துக் கிடந்தால் அந்த அழுத்தம் சீல் உதட்டைத் தள்ளி ஆயிலை வெளியேற்றும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது நேர்மாறு: காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பிரீதரைக் கழற்றிவிட்டு அந்த மரையில் ஒரு ஹோஸ் முனையைத் திருகுங்கள். எண்ணெய் தாங்கும் 8 மி.மீ. ஹோஸை அதில் மாட்டி கிளிப் போட்டு, பிரேக் லைனை ஒட்டி இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோங்கள். நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் போதும். நடுவில் எங்கும் ஹோஸ் தொங்கி வளையக்கூடாது. அந்த வளைவில் ஆயில் தேங்கி மறுபடி அடைப்பாகும். சேஸிஸைத் தூக்கி ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

ஓட்டிய பிறகு

டிஃபரன்ஷியலில் ஆயில் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள். முதல் 20 கிலோமீட்டர் ஓட்டியதும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது. 500 கிலோமீட்டரில் நக்கிள் ஸ்டட் நட்டுகளை மறுபடி 96க்கு இறுக்குங்கள். கூம்பு வாஷர்கள் அமரும்போது அவை தளர்வது வழக்கம். கவனிக்காமல் விட்டால் ஸ்டட் முறிந்து ஸ்டியரிங் ஆர்மே கழன்றுவிடும். பந்தின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் மினுங்குவது நல்லதுதான், துடைப்புச் சீல் வேலை செய்கிறது என்று பொருள். அது சொட்டாகத் திரண்டால் முதலில் பிரீதர் ஹோஸை ஊதிப் பாருங்கள்.