ரெடிவைவஸ்: உயிர்த்து வந்த சொல்லில் நேரும் பிழைகள்

‘மீண்டும் உயிர் பெற்ற’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அரிதாக வரும் பெயரடை ரெடிவைவஸ். லத்தீனிலிருந்து உருமாறாமல் வந்தது. லத்தீன் ஒலிப்பு ரெடிவீவுஸ். அழுத்தம் ‘வீ’ மேல்.

பெயரடை என்றதும் பெயருக்கு முன்னால் போடத்தான் கை போகும். இது பெயருக்குப் பின்னால் நிற்பதே வழக்கம்: ‘நீரோ ரெடிவைவஸ்’. கி.பி. 68இல் ரோமப் பேரரசன் நீரோ இறந்தபின்னும் அவன் திரும்பி வருவான் என்ற பேச்சு அடங்கவில்லை, போலி நீரோக்களும் கிளம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வரலாற்றாசிரியர்கள் வழங்கும் பெயர் இது.

அடுத்த சறுக்கல் விகுதியில். ஆண்பால் பெயருக்கு -உஸ், பெண்பாலுக்கு -ஆ, இரண்டும் அல்லாததற்கு -உம். ஆண்கள் பலர் என்றால் ரெடிவீவி. அறிவியல் பெயர்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்டுதோறும் மறுபடி துளிர்க்கும் ஒரு செடிக்கு உயிரியல் அறிஞர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் லுனாரியா ரெடிவீவா. 1767இல் ஒரு நுண்புழுவைக் ‘கேயாஸ் ரெடிவீவும்’ என்றார். பின்னாளில் அது பானாக்ரெல்லஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்கு மாறியது. விகுதியும் கூடவே ரெடிவீவுஸ் ஆனது.

பெரிய பிழை சொல்லின் பிறப்பில்தான். ‘ரெ’ என்றால் மறுபடி, ‘வீவுஸ்’ என்றால் உயிருள்ள என்று பிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நடுவில் நிற்கும் ‘டி’க்கு யார் கணக்குச் சொல்வது? ‘ரெ’ என்பது ‘ரெட்’ ஆவது பெரும்பாலும் உயிரெழுத்துக்கு முன்னால்தான். மீண்டும் வாழ்வதைக் குறிக்கும் ரெவீவெரே என்ற வினையில் அந்த ‘ட்’ இல்லை. பழைய பயன்பாட்டிலோ செத்துப் பிழைத்தவர் எவருமில்லை, கட்டடச் சாமான்தான் இருக்கிறது. கி.மு. 70இல் ஊழல் ஆளுநர் வெர்ரெஸுக்கு எதிரான உரையில் ரோமப் பேச்சாளர் சிசரோ இதைச் சொல்வது, பழைய கட்டடத்திலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தும் கல்லுக்கு. தளம் போடும் முறையை எழுதிய ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், புதுச் சல்லியானால் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, ரெடிவீவுஸ் சல்லியானால் ஐந்துக்கு இரண்டு என்கிறார். காதுக்கு ‘வீவுஸ்’ என்று கேட்டதால் உயிர்ப்பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. கிறித்தவ லத்தீனில் அந்தப் பொருள் வலுத்தது.

இன்னொன்று: இதை ‘உயிர்ப்பிக்கப்பட்ட’ என்று பெயர்க்காதீர்கள். இது வினையெச்சமோ பெயரெச்சமோ போல வினையிலிருந்து வந்த வடிவம் அல்ல. உயிர்ப்பித்தவர் என்று யாரையும் இது சுட்டுவதில்லை. ‘மறுபிறவி’யும் பொருந்தாது. நீரோவின் மறுபிறவி என்றால் வேறு வயிற்றில் பிறந்த வேறொருவன். நீரோ ரெடிவைவஸ் என்றால் அதே நீரோ.