லாங் ரைடு போனா உடம்பு வலிக்குதா? இந்த தப்பெல்லாம் பண்றீங்களான்னு பாருங்க

சென்னைல இருந்து கன்னியாகுமரி கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், ரோடு நல்லா இருக்கு, பைக்குக்கு டோலும் கிடையாது, அதனால லீவு கிடைச்சா போதும் நிறைய பேர் கிளம்பிடறாங்க. ஆனா விழுப்புரம் தாண்டறதுக்குள்ள மணிக்கட்டு வலி, திருச்சி வரும்போது குறுக்கு பிடிச்சுக்குது, மதுரைல இறங்கினா விரல் மரத்துப்போய் இருக்கு. பழி எல்லாம் சீட்டு மேலதான் விழும், ஊர் திரும்பின உடனே ஜெல் சீட் கவர் ஆர்டர் போட்டுடுவாங்க. பெரும்பாலும் அந்த காசு வேஸ்ட், ஏன்னா வலிக்கிற இடம் ஒண்ணு, வலியை கிளப்பி விடற இடம் இன்னொண்ணு.

கை வலிக்குதுன்னா முதல்ல தொடையை கவனிங்க. பிரேக் போடும்போது உடம்பு முன்னாடி போகும், தொடை ரெண்டும் டேங்கை பிடிச்சிருந்தா அந்த பாரத்தை காலும் இடுப்பும் தாங்கிக்கும், பிடிக்கலைன்னா மொத்தமும் உள்ளங்கைல இறங்கும். ஆர்15, கேடிஎம் ஆர்சி மாதிரி ஹேண்டில்பார் தாழ்வா இருக்கிற வண்டில இது இன்னும் அதிகம். அப்புறம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறது. 80, 90ல போகும்போது நம்மளை அறியாமலே பிடி இறுகிடும், முன்கை, தோள், கழுத்துன்னு வரிசையா இறுகிட்டே போகும். நேரான ரோட்டுல முழங்கை ரெண்டையும் கோழி றெக்கை அடிக்கிற மாதிரி லேசா ஆட்டிப்பாருங்க, வண்டி ஆடாம முழங்கை மட்டும் ஆடுச்சுன்னா பிடி சரி. ஆட்டவே முடியலைன்னா கைல பாரத்தை ஊன்றியிருக்கீங்கன்னு அர்த்தம்.

யாருமே கண்டுக்காத விஷயம் லீவர் ஆங்கிள். கிளட்ச், பிரேக் லீவர் ரொம்ப மேல தூக்கி நின்னா ஒவ்வொரு தடவை விரல் வைக்கும்போதும் மணிக்கட்டு மடங்கும், ஒரு நாள் முழுக்க அப்படி மடங்கினா நரம்பு அழுந்தத்தானே செய்யும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துச்சுன்னா மணிக்கட்டு நடுவுல போற நரம்பு, சுண்டுவிரல் பக்கம் மரத்துச்சுன்னா உள்ளங்கை ஓரமா போற நரம்பு. வண்டில உக்காந்து கையை நீட்டினா முழங்கைல இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே நேரா லீவர் மேல போய் உக்காரணும். லீவரை ஹேண்டில்பாரோட பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட்டை கொஞ்சம் லூஸ் பண்ணி லீவரை கீழ திருப்பிட்டு டைட் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை. பண்ணி முடிச்சதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, கேபிள் எங்கயும் இழுக்கக் கூடாது. கிளட்ச் கல்லு மாதிரி இருந்தா கேபிளுக்கு ஆயில் விடுங்க இல்ல மாத்திடுங்க, அந்த கேபிளோட விலைக்கு முன்னாடி உங்க கை பெருசு.

அடுத்தது முதுகுல பை. லேப்டாப் பேக்ல துணி, சார்ஜர், தண்ணி எல்லாம் திணிச்சு மாட்டிக்கிட்டு 300 கிலோமீட்டர் போனா தோள்பட்டையும் குறுக்கும் சும்மா இருக்குமா? பின் சீட்டுல வச்சு பங்கி கார்டு (கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு) போட்டு கட்டுங்க, இல்லைன்னா சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்கற சாடில் பேக் போடுங்க. ரொம்ப நிமிந்து கம்பு மாதிரி உக்கார்றதும் தப்புதான், குழில விழும்போது அடி நேரா முதுகெலும்புல ஏறும். கூனவும் கூடாது, இடுப்புல இருந்து லேசா முன்னாடி சாஞ்சு உக்காருங்க. ஸ்பீடு பிரேக்கர், பாலத்து ஜாயின்ட் வரும்போது ஃபுட்ரெஸ்ட்ல காலை ஊன்றி சீட்டை விட்டு கொஞ்சம் எழுந்துக்கோங்க, இந்த ஒரு பழக்கமே குறுக்கு வலியை நல்லா குறைக்கும்.

டயர்ல காத்து. சில பஞ்சர் கடைல கேக்காமலே 40 psi வரைக்கும் ஏத்தி விட்டுடறாங்க, டயர் கல்லு மாதிரி ஆகி ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு பொடிக்கல்லும் முதுகுல தெரியும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ (பின் சக்கரத்தை தாங்கற சட்டம்) ஸ்டிக்கர் இருக்கும், மேனுவல்லயும் இருக்கும், காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணணும். பின்னாடி ஷாக் அப்சார்பரோட ஸ்பிரிங் இறுக்கமும் அப்படித்தான், தனியா போறப்ப ஒரு செட்டிங், ஆளும் லக்கேஜும் ஏறினா ஒண்ணு ரெண்டு படி கூட்டணும், திரும்பி வந்ததும் குறைச்சுடணும்.

கழுத்து வலிக்கு லூஸ் ஹெல்மெட்டும் காத்தும்தான் முக்கிய காரணம். லூஸா இருந்தா காத்து அதை தூக்கும், கழுத்து இழுத்துப் பிடிச்சுட்டே வரணும். கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் காத்தாடி நிறைய நிக்குதே, அது சும்மா நிக்கலை, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பக்கவாட்டு காத்து வண்டியையே தள்ளும். பயத்துல இறுக்கிப் பிடிக்காம ஸ்பீடை குறைச்சு, தொடையால டேங்கை பிடிச்சு, கையை லூஸா விடுங்க. ஹெல்மெட்டுக்குள்ள காத்து இரைச்சலும் ஆளை அசத்தும், ஃபோம் இயர்பிளக் போட்டா சாயங்காலம் அந்த மந்தமான தலைவலி இருக்காது, ஹார்ன் சத்தமும் கேக்கும்.

தண்ணி குடிக்காம போறது, அதுவும் டாய்லெட் கிடைக்காதுன்னு பெண்கள் அப்படியே இருந்துடறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். தலைவலி, கெண்டைக்கால் பிடிச்சுக்கிறது எல்லாம் அதுலயும்தான் வருது. கூட போறவங்க முன்கூட்டியே பெரிய பெட்ரோல் பங்க், நல்ல ஹோட்டல் பார்த்து பிளான் பண்ணுங்க, கேட்டாதான் நிறுத்துவேன்னு இருக்காதீங்க. பின்னாடி உக்கார்றவங்க கைல ஹேண்டில்பார் இல்லை, முன்னாடி ரோடும் சரியா தெரியாது, அதனால அவங்களுக்குத்தான் வலி சீக்கிரம் வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. நிறுத்தி மறுபடி சேர்ல உக்காந்து போன் பாக்காம நடங்க, இடுப்பை பின்னாடி வளைங்க. மதியம் பிரியாணி ஃபுல்லா கட்டிட்டு உடனே வண்டி எடுக்கிறது வலியை விட ஆபத்து, தூக்கம் சொக்கும்.

வலி வரும்னு முன்னாடியே மாத்திரை போட்டுட்டு கிளம்பறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம். தசையை தளர்த்தற மாத்திரைல நிறைய தூக்கம் வரவைக்கும், வலியை மறைச்சுட்டா உடம்பு நிறுத்துன்னு சொல்றதும் கேக்காது. ரைடு முடிஞ்சு ரெண்டு மூணு நாள் ஆகியும் விரல் மரத்தே இருக்கு, இல்ல குறுக்குல இருந்து கால் வரைக்கும் சுண்டி இழுக்குதுன்னா எலும்பு டாக்டரைப் பாருங்க. ரெண்டு கால் நடுவுல மரத்துப்போனா, இல்ல யூரின் போக சிரமமா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.