தோவாளைப் பூக்கடை பில்லை வைத்து ஒரு கேஷ் (cache) சோதனை

டேட்டாபேஸ் தகவலைப் பக்கம் பக்கமாகப் படித்து, கேஷ் என்ற வேகமான நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அது நிறைந்துவிட்டால் எந்தப் பக்கத்தை வெளியே தள்ளுவது? தொட்டு ரொம்ப நேரமானதை எல்ஆர்யூ (LRU) என்ற முறை தள்ளும். குறைந்த தடவை தொட்டதை எல்எஃப்யூ (LFU) என்ற முறை தள்ளும். எது தேவலை என்று பார்க்க முதலில் ரேண்டம் எண்களை ஓட்டினேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். எல்லாப் பக்கத்தையும் சமமாகக் கேட்டால் எதைத் தள்ளினால் என்ன?

அதனால் நிஜ லாக் (log, எது எந்த வரிசையில் கேட்கப்பட்டது என்ற பதிவு) வேண்டும். தோவாளைச் சந்தைக் கடை ஒன்றின் பில்லிங் லாகை எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை அழித்துவிடுங்கள். வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் 8 கேபி பக்கங்களாகப் படிப்பதால், வரியின் இருப்பிடத்தைச் சொல்லும் சிடிஐடி (ctid) மூலம் ஒவ்வொரு வரியும் இருக்கும் பக்க எண்ணை எடுத்து, அந்த எண்களைக் கேட்ட வரிசையிலேயே ஒரு ஃபைலில் எழுதுங்கள்.

பைத்தான் பக்கம் போகுமுன் பேப்பரில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கேஷில் மூன்று இடம். பூவுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை வியாபாரம்: பிச்சி, மல்லி, பிச்சி, மல்லி. அப்புறம் யாரோ முழு ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கிறார்: கேந்தி, சம்பங்கி, ரோஜா. திரும்பவும் பிச்சி, மல்லி. ரிப்போர்ட் வந்ததும் எல்ஆர்யூ பிச்சியையும் மல்லியையும் தள்ளிவிடுகிறது. கேட்டது கேஷிலேயே இருந்தால் ஹிட், இல்லாவிட்டால் மிஸ்; இங்கே 9-க்கு 2 ஹிட்தான். எல்எஃப்யூ அவற்றை விடுவதில்லை, 4 ஹிட். ஐந்து பூவும் முதல் தடவை மிஸ் ஆகியே தீரும், ஆகவே 4-க்கு மேல் யாராலும் முடியாது. பெரிய லாகில் இந்த உச்சத்தைக் கணக்கிட கணினி ஆய்வாளர் பெலாடி 1966-இல் சொன்ன முறை இருக்கிறது: அடுத்து மிகத் தாமதமாகத் தேவைப்படுவதைத் தள்ளுவது. எதிர்காலம் தெரிய வேண்டுமே என்பீர்கள். லாக் கையில் இருக்கிறதே!

சரி, இப்போது நிரல். லாகின் முதல் பகுதியைக் கேஷை நிரப்ப மட்டும் ஓட்டி, ஹிட் கணக்கை அதற்குப் பிறகு தொடங்குங்கள். கேஷ் அளவை மொத்தப் பக்கத்தில் 1, 5, 10, 20 சதவீதம் என மாற்றிப் பாருங்கள்.

எல்எஃப்யூ ஜெயித்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஓணச் சமய லாகையும் தொடர்ந்து ஓட்டுங்கள். அத்தப்பூவுக்காகக் கேந்தியும் வாடாமல்லியும் குவியும்போது, எல்எஃப்யூ பழைய பிச்சிக் கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இப்படி மாட்டிக்கொள்வதில்லை: ஒரு பக்கத்தைத் தொட்ட எண்ணிக்கையை 5-க்கு மேல் ஏறவே விடுவதில்லை. இடம் தேடிச் சுற்றும்போது ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டும் வருகிறது.