சொல்லின் வேரைத் தோண்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆங்கிலச் சொற்களின் வேர் தேடிப் புதிதாகக் கிளம்பியவர்கள் காட்டும் குறிப்புகளைப் படித்தால், என் பழைய நோட்டுகளைப் புரட்டுவதுபோலவே இருக்கிறது. எழுத்துப்பிழை, பக்க எண் விடுபடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

இன்றைய ஒலியை வைத்து ஒப்பிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தமிழ் ‘எட்டு’தான் ஆங்கில ‘எய்ட்’ ஆனது என்று ஒரு தம்பி முழு அத்தியாயமே எழுதிக்கொண்டு வந்தார். “அந்த ஆங்கிலச் சொல்லின் நடுவே வாயில் வராத ஜி, எச் எதற்கு?” என்று கேட்டேன். விழித்தார்.

அவை ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துகள். பழைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய ‘எஅஹ்டா’. ஜெர்மனில் ‘அஹ்ட்’, லத்தீனிலும் கிரேக்கத்திலும் ‘ஒக்தோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழ்ப் பக்கம் வாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. அடிச்சொல் ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. அங்கே நடுவில் ககரமும் அதன் வழி வந்த ஒலிகளும், இங்கே ணகரம். உறவுச் சொற்களானால் பின்னே போகப் போக நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன. பழைய வடிவங்களை முதலிலேயே எடுத்துப் பார்த்திருந்தால் தம்பிக்கு ஒரு கோடை விடுமுறை மிச்சமாகியிருக்கும். அவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

தற்செயலை மறப்பது

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான மபாபரத்திலும் நாய் ‘டாக்’தான். மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் பதிவு செய்தது. ‘குடக’ என்ற பழஞ்சொல் தேய்ந்து அப்படி ஆயிற்று. ஆங்கிலத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்தா?

இல்லை. ‘நியூ’வின் பன்மை.

சமஸ்கிருதம் வந்ததும் நின்றுவிடுவது

‘ஜிஞ்சர்’ லத்தீன், கிரேக்கம் வழியாக ‘சிருங்கவேரம்’ வரை போகும். ‘கொம்பு போன்ற உடல்’ என்ற விளக்கமும் அங்கே தயாராக இருக்கும். அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சிங்கிவேர’, அதற்கும் பின்னே நம் பக்கத்து ‘இஞ்சி’யும் ‘வேரும்’. வழியில் ஒவ்வொரு வடிவமும் ஏட்டில் இருப்பதால்தான் இந்தத் தடம் நிற்கிறது.

அகராதியின் ‘ஒருவேளை’யைத் தாண்டிப் படிப்பது

அகராதி ஒரு வேரை ‘ஒருவேளை’ என்று ஐயத்தோடு சொன்னால், அந்த ஐயத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.