ஈ.பி. மீட்டர் விளக்கை எண்ணி கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி?

நம்ம தமிழ்நாட்டில் வீட்டுக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 வரை ஒரு கணக்கு, 501 ஆனால் வேறு கணக்கு. 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலை போய்விடும். அதனால் 520-இல் நிற்கும் வீட்டுக்கு அந்த இருபது யூனிட்தான் குறி. பழைய பில்களை எடுத்து, கோடையில் எவ்வளவு, மார்கழியில் எவ்வளவு என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து மீட்டர். மாடிப்படிக்கு அடியில் ஒருவர், வீட்டுக்குள் ஒருவர், கையில் போன். டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்திலேயே 3200 போல ஓர் எண் இருக்கும்: ஒரு யூனிட்டுக்கு அத்தனை மின்னல். 3200 என்றால், ஒரு நிமிடத்தில் எண்ணியதை 18.75-ஆல் பெருக்குங்கள், வாட் வந்துவிடும். 1600 என்றால் 37.5.

ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு எண்ணுங்கள். எங்கள் வீட்டில் அப்போதும் மின்னியது. டிவியை ரிமோட்டில் அணைத்திருந்தோம், செட்டாப் பாக்ஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது!

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் போட்டால் எண்ணவே முடியாது, விட்டுவிடுங்கள்.

புது ஏசி வாங்குவதானால் ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள், லேபிளில் ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோல் இறுகியது. அதுவரை 5 ஸ்டாராக இருந்தது 4 ஆனது. லேபிளில் ஓர் ஆண்டுக்கென்று போட்டிருக்கும் யூனிட் 1600 மணி நேரத்துக்கானது. ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாள்தான். சென்னைக்கு அது எந்த மூலைக்கு? 2020 முதல் ஸ்டார் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். அப்படியே விட்டு, ஃபேனையும் போடுங்கள்.

கடைசியாக அந்த ஃபேன். பழைய 75 வாட் ஃபேனுக்கு, 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 4 மின்னல். தினம் 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். கூடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டியதும் மறுபடி கீழே போய் நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு மூன்றே மின்னல்.