சிறு விமான நிலையங்களுக்கிடையிலான தூரமும் நேரமும்: மலையகப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். பெரிய ஜெட் விமானங்களின் வேகமான மணிக்கு 800 கிலோமீற்றரை வைத்துக் கணக்கிடும் இணையக் கணிப்பான், இத்தூரத்துக்கு 25 நிமிடம் போதும் என்று காட்டிவிடும். சிறு ஓடுபாதைகளில் இறங்கும் செஸ்னா கரவான் போன்ற ஒற்றை எஞ்சின் விமானமோ மணிக்குச் சுமார் 300 கிலோமீற்றர் வேகத்தில்தான் செல்லும். ஆகவே வானில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்த விமானம் என்று அறியாமல் நேரத்தைக் கணக்கிடக் கூடாது.

மலையகத்தாரைப் பெரிதும் ஏமாற்றுவது பறக்கும் நேரத்தையே பயண நேரமாக எண்ணிக்கொள்வதாகும். நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் 100 கிலோமீற்றர்தான். ஆனால் வளைந்து இறங்கும் வீதியில் அது 160 கிலோமீற்றருக்கு மேலாகி, நல்ல காலநிலையிலும் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் கித்துல்கல, கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவு ஏற்பட்டால் அந்தக் கணக்கும் நில்லாது. விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும், பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்லும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், வடக்கே செல்வதற்காக முதலில் மேற்கே இறங்குவது எல்லோருக்கும் இலாபமன்று என்பது விளங்கும். கண்டியில் இருப்பவருக்கு ஏ9 வீதியில் நேரே செல்லும் பஸ்ஸே பொருத்தம் என்பது என் கருத்து.

காற்றைக் கணக்கில் எடுக்காமையும் பிழைதான். மணிக்கு 50 கிலோமீற்றர் எதிர்காற்று இருந்தால், மேற்சொன்ன தூரத்தைக் கடக்க 66 நிமிடத்துக்குப் பதிலாக 79 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் 57 நிமிடமாகவே குறையும். இழந்த 13 நிமிடத்தில் 9 நிமிடம்தான் மீளும்.

கடல் மைல் என்பது 1.852 கிலோமீற்றர், தரை மைல் 1.609 கிலோமீற்றர், இரண்டையும் கலந்துவிட்டால் 160 கடல் மைல் தூரத்தில் ஏறக்குறைய 39 கிலோமீற்றர் பிசகும். கொழும்பு என்று மட்டும் தட்டச்சு செய்தால் கணிப்பான் சர்வதேச விமான நிலையமுள்ள கட்டுநாயக்கவை எடுத்துக்கொள்ளலாம். அது இரத்மலானையிலிருந்து 40 கிலோமீற்றர் வடக்கே உள்ளது.

நேர்கோட்டுக் கணக்கு மலைகளை அறியாது என்பதையும் மறக்கலாகாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியதில் 191 பேர் மாண்டனர். விமான நிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். மலைகளுக்கு மேலே உயரம் காத்தும், முகிலைச் சுற்றியும் செல்ல வேண்டியிருப்பதால் உண்மைப் பாதை வரைபடக் கோட்டைவிட நீளமாகலாம்.

கணிப்பான் தூரம் காட்டுவதால் அங்கே விமான சேவை உண்டு என்று கொள்ளவும் கூடாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானங்கள் இறங்கியதுண்டு. ஆயினும் அவை பகல் வெளிச்சத்தையும் தெளிந்த வானத்தையும் நம்பியவை என்பதால், புறப்படும் நாளன்று காலையிலேயே சேவை நடத்துவோரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.